சட்டிக்கு மூணு விநாடி

கேபிள் டி.வி. ஆபீஸ் வேலை என்றால் நாள் முழுக்கப் படம் பார்க்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அது நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை.

விருதுநகரில் எங்கள் ஏரியாவுக்கு மட்டும் ஓடுகிற உள்ளூர் சேனல் அது. மாடியில் ஒரே ரூம். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு வி.சி.ஆர்., ஒரு போன், நான். பெயர் மாரி, வயது பதினேழு. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை பெயில். மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். படத்துக்கு அடியில் எழுத்து ஓடுமே, கொடியேற்றம், காதுகுத்து, கரண்ட் கட், காணாமல் போன ஆடு என்று, அதை டைப் அடிப்பது நான்தான். போன் எடுப்பதும் நான்தான். இந்த வேலை இல்லையென்றால் எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. விடிவதற்கு முன்னால் அம்மா ஏறிப் போகிற பட்டாசுக் கம்பெனி வேன். ஆமத்தூர்ப் பக்கம் கம்பெனி. அந்த வேனில் எனக்கும் ஒரு இடம் எப்போதும் காலியாகவே இருக்கிறது. அதில் நான் ஏறக் கூடாது என்பதில் அம்மாவும் நானும் ஒரே கட்சி. வேறு எதிலும் ஒரே கட்சி கிடையாது.

உங்களில் யாராவது ஊராருக்காகப் போன் எடுக்கிற வேலை பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். போன பங்குனியில் நடந்தது இது. நிறையப் பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நயமாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுத்தில் ஓடிய தண்ணீர்

பங்குனி பிறந்தால் எங்கள் ஊருக்கு இரண்டு சேதிதான் வேண்டும். மாரியம்மன் பொங்கல் எப்போது, குழாயில் தண்ணீர் எப்போது. முதலாவது காலண்டரில் இருக்கும். இரண்டாவதை என்னிடம் கேட்பார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவர் சொல்வதை நான் அப்படியே டைப் அடிப்பேன். அன்றைக்கு, நாளை காலை பள்ளிக்கூடத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று ஓடவிட்டேன். மறுநாள் வரவில்லை. மோட்டார் பழுதாம்.

அந்தத் தெரு வள்ளியக்கா போன் போட்டது. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற அக்கா. ஒட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு இருட்டோடு போய்க் குழாயடியில் உட்கார்ந்திருந்ததாம். நான் எழுத்துதான் விடுகிறேன், தண்ணீர் விடவில்லை என்று பட்டென்று சொன்னேன். போனை வைத்துவிட்டது. பத்து நிமிஷத்தில் காலிப் பிளாஸ்டிக் குடத்தோடு மாடியேறி வந்து நின்றது. முதலாளி வேறு அங்கேயே இருந்தார். அக்கா யாரையும் பார்க்காமல் டி.வி. பக்கத்தில் குடத்தை இறக்கி வைத்தது. நான் எடுக்க மறந்த எழுத்து அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி இந்தப் பொட்டிக்குள்ளதான் ஓடுதுபோல. ஒரு குடம் பிடிச்சுக் குடு தாயி."

கோழிக்கால்

மாரியம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் எங்கள் தெருக்களில் கறி, மீன் கிடையாது. பல வீடுகளில் தாளிக்கக்கூட மாட்டார்கள். கொடியேறிய மறுநாள் மத்தியானம், எல்லாரும் தாளிக்காத குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிற நேரம், நான் விளம்பர கேசட்டை மாற்ற மறந்து பழையதையே ஓடவிட்டேன். அதில் ஒரு பிரியாணிக் கடை விளம்பரம். பொரித்த கோழிக்கால், டி.வி. நிறைய, எண்ணெய் சொட்டச் சொட்ட. அரை மணி நேரத்துக்குள் நாலு தடவை.

திட்டியவர்களிடமெல்லாம் வாங்கிக்கொண்டேன். தப்பு என் மேல்தான். மிளகாய் வத்தல் கமிஷன் கடை அண்ணாச்சி மட்டும் விடவே இல்லை. எங்கள் சேனலுக்கு வருஷம் முழுக்க விளம்பரம் தருகிறவர். வீட்டில் விரதம் கெட்டுப்போச்சே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்தால் கெடாது, தின்றால்தான் கெடும் என்றேன். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"அதைத்தான் சொல்லுதேன் பாப்பா. எம் மகன் தட்டத் தள்ளிவிட்டுட்டுச் சட்டைய மாட்டிக்கிட்டு அந்தக் கடைக்கே கிளம்பிட்டான்."

கெடு

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே சொன்னார். குடத்தோடு வந்த அக்கா ஒன்று, நேரிலேயே வந்து வருத்தப்பட்டுப் போன அண்ணாச்சி ஒன்று. கம்ப்யூட்டர் டிப்ளமா படித்த ஒரு பிள்ளை வேலை கேட்டு வந்து போகிறதாம், அதற்குப் பேச்சே வராதாம், அவ்வளவு அடக்கமாம். பொங்கல் முடிகிற வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் என் மேல் இன்னும் ஒரே ஒரு கம்ப்ளைண்ட் வந்தால், அம்மா போகிற வேனில் எனக்கு இடம் போட்டு வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, விரலில் ஒட்டியிருந்த வெடிமருந்துக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நீ வாய மூடிக்கிட்டு இருக்க மாட்ட. சரி விடு, நான் பாத்துக்கிறேன்."

நாற்காலியில் ஒரு பையன்

பொங்கலுக்குப் போட்டிருந்த பொருட்காட்சியில் தொலைந்துபோன பையன் ஒருவனை ஒரு ஆட்டோக்காரர் எங்கள் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த ஊரில் எது தொலைந்தாலும் எங்கள் மாடிக்குத்தான் வரும். நாலு வயசு இருக்கும். பெயர் கேட்டால் தம்பி என்றான். அப்பா பெயர் கேட்டால் அப்பா என்றான். எனக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியில் உட்கார வைத்து, கையில் முறுக்கைக் கொடுத்து, மூலையில் இருந்த கேமராவை அவன் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு, ஊர் முழுக்க அவன் முறுக்குத் தின்பதைக் காட்டினேன். யார் வீட்டுப் பிள்ளை என்று அடியில் ஓடவிட்டேன்.

இரண்டாவது முறுக்கு முடிவதற்குள் மாடிப்படி கொள்ளாத கூட்டம். அவனுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் வலித்தது. நான் முறுக்குப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். அவ்வளவு நாள் வாங்கிய திட்டெல்லாம் அன்றைக்குக் கழிந்தது. பையன் மட்டும் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றான்.

"நான் டி.வி.ல இருந்துட்டு வாரேன். நீங்க வீட்டுல போய்ப் பாருங்க."

புள்ளி புள்ளியாக

பொங்கலன்று வேண்டுதலுக்காக உடம்பெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக்கொண்டு ஆடி வருவார்கள். கோயில் வாசலில் கேமரா வைத்து நேரடியாகக் காட்டினோம். ஒரு அம்மா போன் போட்டு, புள்ளி வைத்துப் போன மகனை டி.வி.யில் கண்டுபிடிக்க முடியவில்லை, கொஞ்சம் கிட்டக் காட்டு என்றார். நான் கெடுவுக்குப் பயந்து, என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, பணிவாக அடையாளம் கேட்டேன். ஒல்லியாக இருப்பான், பார்த்தால் பாவமாக இருக்கும் என்றார்.

கேமராவில் தெரிந்த அத்தனை பேரும் ஒல்லியாகத்தான் இருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. கேமரா பிடிக்கிற கணேசன் அண்ணனுக்குத் தகவல் சொல்லி, இருந்ததிலேயே பாவமான ஒருவனை நெருக்கமாகக் காட்டச் சொன்னேன். அந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவன் எம் மகன் இல்ல. இருந்துட்டுப் போகட்டும் தாயி, நல்லாத்தான் ஆடுறான்."

எல்லாச் சட்டியும் ஒரே சூடு

பொங்கலுக்கு மறுநாள் அக்கினிச்சட்டி. விடிந்ததிலிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். தெருமுனையில் ஒரு கேமரா, கோயில் வாசலில் ஒரு கேமரா. இரண்டின் ஒயரும் என் ரூமுக்கு வரும். எது டி.வி.யில் தெரிய வேண்டும் என்று பொத்தானை மாற்றுவது என் வேலை. போக முடியாத கிழடு கட்டைகள், நடக்க முடியாதவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் வீட்டிலிருந்தே பார்த்துக் கும்பிடுவார்கள். முந்தின நாளிலிருந்தே போன். எங்கள் மருமகள் சட்டி எடுக்கிறாள், கொஞ்சம் நின்று காட்டு. எங்கள் அண்ணன் இருபத்தொரு சட்டி எடுக்கிறார், சுற்றிச் சுற்றிக் காட்டு. எல்லாரையும் காட்டினால் அடுத்த பங்குனி வந்துவிடும். அதனால் நானே ஒரு சட்டம் போட்டேன். முகம் தெரிகிற மாதிரி கேமராவில் வந்தால் மூணு விநாடி. வாய்க்குள் மூணு எண்ணுவேன், மாற்றிவிடுவேன். யாராக இருந்தாலும் அதுதான்.

வத்தல் கடை அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் வீட்டம்மாவும் சட்டி எடுக்கிறார்களாம். மூட்டு வலியோடு எடுக்கிறார்களாம். ஒரு அரை நிமிஷமாவது காட்ட வேண்டுமாம், இத்தனை வருஷ விளம்பரத்துக்கு அதுகூட இல்லையா என்றார். கெடு ஞாபகம் வந்தது. அம்மாவின் வேனும் ஞாபகம் வந்தது. ஆனாலும் மூணுதான் என்று சொல்லிவிட்டேன், அம்மன் முன்னால் எல்லாச் சட்டியும் ஒரே சூடுதான் என்றும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"சரி பாப்பா. உங்க வீட்டுச் சட்டியும் வருமில்ல, நானும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஐஸ் வண்டி

அம்மா சட்டி எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டதற்கு வேண்டுதலைச் சொல்லக் கூடாது என்றுவிட்டாள். எந்நேரம் வருவாள் என்று தெரியாது. மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம், தெருமுனைக் கேமராவில் வந்தாள். தார் ரோட்டில் யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, அதன் மேல் சட்டி, தீ அவள் முகத்துக்கு நேரே. அம்மா கம்பெனியில் நெருப்புக்குப் பயந்து பயந்தே வேலை பார்க்கிறவள். வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் தீயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூணு. பொத்தானை மாற்றிவிட்டேன். கோயில் வாசல் கேமராவில் அந்த நேரம் பார்த்து ஒரு சட்டிகூட இல்லை. ஒரு ஐஸ் வண்டி மட்டும் நின்றது. என் அம்மாவுக்குப் பதிலாக ஊருக்கே ஐஸ் வண்டியைக் காட்டினேன். திரும்ப மாற்றுவதற்குள் அம்மா தாண்டிப் போய்விட்டாள்.

போன் அடித்தது. பக்கத்தில் இருந்த முதலாளி எடுத்தார். கேட்டார், சரிங்க என்றார், வைத்தார். உடனே அடுத்தது. அதற்கும் சரிங்க.  இரண்டு வருஷம் முன்பு பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் வாங்க நின்ற மாதிரி நின்றேன். பள்ளிக்கூடத் தெரு வள்ளி, என்றார் முதலாளி, உங்கம்மாவை எதுக்கு வெட்டுன என்று கேட்கிறாளாம். மூன்றாவது போனை என் கையில் கொடுத்துவிட்டார். வத்தல் கடை அண்ணாச்சி. அது உங்கம்மாதானே என்றார். ஆமாம் என்றேன். மூணு எண்ணித்தான் மாத்துனியா என்றார். ஆமாம் என்றேன். 

"நீயெல்லாம் ஒரு புள்ளையா. திருப்பிப் போடு, நாங்க இன்னும் கும்பிட்டே முடிக்கல."

சேர்த்தி இல்லை

பொத்தானை எப்படி மாற்றினாலும் தெருமுனைக் கேமரா பார்ப்பது முழுக்க ஒரு வி.சி.ஆரில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். முதலாளி அதைப் பின்னால் ஓட்டி, அம்மா தூரத்தில் மஞ்சளாகத் தெரிகிறதிலிருந்து, முதுகு மறைகிற வரைக்கும் ஓடவிட்டார். யாரும் எண்ணவில்லை. நானும் அப்போதுதான் அம்மாவை முழுசாகப் பார்த்தேன். நான் அழவில்லை. ரூமில் காற்றாடி ஓடாததால் கண் வியர்த்தது என்று முதலாளியிடம் சொன்னேன், அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அப்புறம் அவரே கெடுவைப் பற்றி எடுத்தார். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார். வந்தது ஒன்றில்லை, அம்மாவைத் திருப்பிப் போடுவதற்குள் பத்துப் பதினைந்து வந்துவிட்டது. பேனா மூடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"ஏ புள்ள, இந்தக் கம்ப்ளைண்ட்டு சேத்தி இல்ல. போய் அந்தப் போனை எடு."

வேண்டுதல்

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வள்ளியக்கா அங்கே இருந்தது. அதே பிளாஸ்டிக் குடம், இந்தத் தடவை நிறையத் தண்ணீர். அம்மாவின் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை எடுத்துக்கொண்டு மூன்று தெரு நடந்து வந்திருக்கிறது. குடத்தை வாங்கி மிச்சத்தை நான் ஊற்றினேன். அக்கா போன பிறகு அம்மாவிடம், வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே, இப்போதாவது சொல் என்றேன். என் வேலை நிலைக்க வேண்டும் என்றுதானே எடுத்தாய் என்றும் நானே சொல்லிவிட்டேன். அம்மா காலைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலைக்கு எதுக்கு வேண்டணும், அதை நீ பாத்துக்கிடுவ. உனக்குக் கொஞ்சம் வாய் குறையணும்னுதான் எடுத்தேன்."

வேலை நிலைத்துவிட்டது, வாய் குறைந்தபாடில்லை, ஆகவே அடுத்த பங்குனியிலும் அம்மா சட்டி எடுக்க வேண்டியிருக்கும், அப்போதும் மூணு விநாடிதான்.