காப்புக் கட்டிய கையில் எடுத்த ரத்தம்

அம்மனை நம்பும் என் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, போன ஆடி மாதம் நான் செத்திருக்க வேண்டியவள். அது எனக்கே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, தலைச்சுற்றல்கூட இல்லை. நல்லா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

என் பெயர் அஞ்சலாட்சி. கடலோரத்து ஊர். தவளக்குப்பம் மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் விற்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. அது மெல்ல மெல்ல சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்டது. ஆனி மாதம் டவுனில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "ஒழுங்கா பாத்துக்கலன்னா டயாலிசிஸ் வரைக்கும் போயிடும்மா" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் கலியபெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே எங்கள் ஊர் கங்கையம்மனிடம் போய் நின்றேன். "தாயே, என் கிட்னியக் காப்பாத்து. ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டி, பத்து நாளும் சோறு தொடாம இருக்கேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் காப்பு என்றால் விளையாட்டு இல்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மார்க்கெட்டுக்கும் போகக் கூடாது. ஆகாரத்துக்கு நான் இளநீரும் வாழைப்பழமும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். காலையில் ஓர் இளநீர், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இளநீர் குளிர்ச்சி, நீர் நன்றாகப் பிரியும் என்று நாம் எல்லாரும் நம்புகிறவர்கள்தானே. விரதமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு என்று எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரியில் கிட்னி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஜோஸ்பின் பேசினாள்.

"அக்கா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கேன்."

"இன்னிக்கு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போறீங்களா? யாருக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறும்னு இங்க கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே கணக்கு போட்டுப் பாக்குறோம். உங்க சர்க்கரை, கிட்னி அளவு, புது மாத்திரை, போன தடவை பொட்டாசியம் எவ்ளோ இருந்துச்சுன்னு எல்லாத்தையும் சேத்துப் பாத்தா உங்க பேருதான் மொதல்ல வருது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொட்டாசியமாவது மண்ணாங்கட்டியாவது. "கம்ப்யூட்டரு என்ன நேர்ல பாத்துச்சா? நான் காப்பு கட்டியிருக்கேன். எல்லை தாண்ட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர, மனசு உறுத்தியது. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் பூ கேட்டுப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. இரண்டையும் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு வந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து இன்னோர் இளநீரை வெட்டிக் குடித்தேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் ஜோஸ்பின் கூப்பிட்டாள். "போவாதன்னு பூவுல வந்துடுச்சு" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சரிக்கா, நீங்க வர வேணாம். நான் வரலாம் இல்ல?"

"வாம்மா" என்றேன். நர்ஸ் வரக்கூடாது என்று பூவில் ஒன்றும் வரவில்லையே.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கோயில் பந்தலில் என்னை உட்காரவைத்தாள். வலது கையில் நரம்பு அகப்படவில்லை. இடது கையில் காப்பு. "இந்தக் கையில எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். நான் அம்மனைப் பார்த்தேன். "எடும்மா" என்றேன்.

குழாயை மூடி வைத்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். இளநீர்க் கணக்கையும் பழக் கணக்கையும் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது ரெண்டுலயும் பொட்டாசியம் நெறய. நல்ல கிட்னி அத வெளிய தள்ளிடும். உங்களுது தள்ளாது. புது மாத்திரையும் அத உள்ளயே நிறுத்தி வெக்கும். ஏறிடுச்சுன்னா இருதயம் நின்னுடும். சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

மத்தியானத்துக்குள் ஃபோன் வந்தது. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு, ஐந்தைச் சுற்றித்தான் இருக்கணுமாம். "பூ கேக்காதீங்க. ஒடனே கெளம்புங்க" என்றாள். கோயிலுக்கு ஓடினேன். "தாயே, உன் எல்லைய மீறிப் போறேன். என்னக் கைவிட்டுடாத" என்று தேம்பினேன். பூசாரி காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். "போய்ட்டு வா அஞ்சல. வந்து கட்டிக்க. அவ எங்கயும் போவ மாட்டா" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு மாறத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள், பொடி கரைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பொட்டாசியம் இறங்கிவிட்டது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. இன்றுவரை தேவைப்படவில்லை.

அப்படியானால் சிவப்புப் பூ பொய்யா என்று ஊரில் கேட்கிறார்கள். பொய் இல்லை. நான் போக வேண்டாம் என்றாள் அம்மன், ஏனென்றால் ஆளை அனுப்பப் போகிறாள். இது என் நம்பிக்கை. ஆனால் உடம்பு விஷயத்தில் நீங்கள் பூ கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்த ஒரு நாளைத் தொலைத்தது என் பிடிவாதம்தான், அதற்கு அம்மனைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன்.

இந்த ஆடியிலும் காப்புக் கட்டினேன். முதலில் ரத்தம் கொடுத்து, டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன மாதிரி ஒருவேளைச் சோறு சாப்பிட்டு விரதம் இருந்தேன். காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கிறேன். இளநீர் முழுக்க அம்மன் அபிஷேகத்துக்குத்தான். அவள் கிட்னிக்கு ஒன்றும் ஆகாது.

திருவிழாவுக்கு ஜோஸ்பினைக் கூப்பிட்டிருந்தேன், வந்தாள். "நான் அந்தப் பேச்சு பேசினேனே, ஏன்மா மறுபடி ஃபோன் போட்ட?" என்று கேட்டேன். அவளுக்குக் கூச்சம்.

"நீங்க வெச்சப்புறம் எனக்கு வேலையே ஓடலக்கா. ராத்திரி மாதாகிட்ட உங்களுக்காக வேண்டிக்கிட்டேன். காலையில நீயே போயேன்னு தோணுச்சு."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நான் என் தாயைக் கேட்டேன், எனக்காக அவள் தன் தாயைக் கேட்டிருக்கிறாள். சிறுநீரகக் கோளாறு உள்ள என் உறவுகளே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, போய் ரத்தம் கொடுங்கள். உயிரோடு இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.