கடைத்தெருவில் நடக்காத பிரசங்கம்

சீமையிலிருந்த எங்கள் மிஷன் சபையாருக்கு ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. வகுப்பறைக்குள் பாடம் நடத்துகிறவன் பாதி ஆசிரியன்தான். முழு ஆசிரியன் ஆகவேண்டுமென்றால் வெளியே போய் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே வருஷாந்திர அறிக்கையில் ‘ஆசிரியர்களும் அலுவலர்களும் பள்ளிக்கு வெளியே ஆற்றிய பணிகள்’ என்ற பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். யார் எந்த மகாநாட்டில் பேசினார், எந்தச் சபையில் பிரசங்கித்தார், எந்தப் பத்திரிகைக்கு எழுதினார் என்று ஆள் வாரியாகச் சொல்ல வேண்டும்.

முப்பதுகளில் அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பு என்னுடையது. புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே ஓர் ஓட்டுக் கட்டடத்தில், குருப்பட்டத்துக்குப் படிக்கும் பதினோரு பேரை வைத்துக்கொண்டு எங்கள் புராட்டஸ்டண்ட் வேதசாஸ்திரப் பள்ளி நடந்தது. சுற்றிலும் கத்தோலிக்கக் கோயில்களின் பெரிய மணிகள்; நடுவில் எங்களுடைய கைமணி. நான் தமிழும் தர்க்கமும் சொல்லிக்கொடுத்தேன். ஆபீஸ் எழுத்து வேலையும் என் தலையில் இருந்தது. தர்க்கம் படித்தவன் பொய் எழுதமாட்டான் என்று பள்ளி முதல்வரான வெள்ளைக்காரத் துரை நினைத்திருக்கக் கூடும்.

துரையைப் பற்றி எழுதுவது சுலபம். வருஷத்தில் மூன்று மகாநாடுகளுக்குப் போவார். என்னைப் பற்றி எழுதுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. ‘தமிழாசிரியர் இரண்டு ஞானப்பாட்டுகளின் யாப்பைத் திருத்தினார்’ என்று போட்டுக்கொள்வேன். அவற்றைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, திருத்திய பிறகு யாரும் பாடவுமில்லை. ஆனாலும் அது பணிதானே?

சிக்கல் கிரேக்க ஆசிரியரிடம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வயதான குருவானவர். எல்லாரும் ஐயர் என்போம். முப்பது வருஷமாக அதே அறையில் அதே கிரேக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பள்ளி வளவுக்குள்ளேயே ஓர் அறையில் குடியிருந்தார். வெளியே அவர் ஆற்றிய பணி ஒன்றே ஒன்று: சனிக்கிழமை காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவது. இரண்டு வருஷம் அவர் பகுதியை வெற்றாக விட்டேன். இரண்டாம் வருஷம் சீமையிலிருந்து கடிதம் வந்தது: ‘இந்த ஆசிரியரின் ஊழியம் எத்தகையது என்று விளங்கவில்லை.’ இதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கியது.

எனவே அடுத்த அறிக்கையில் எழுதினேன்: ‘சனிக்கிழமைதோறும் பெரிய கடைத்தெருவில் திரளான ஜனங்கள் நடுவே நின்று உரத்த குரலில் பேசிவருகிறார்.’ ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மார்க்கெட்டில் திரளான ஜனங்கள் இருந்தார்கள். கத்தரிக்காய்க்காரியிடம் ஐயர் உரத்த குரலில்தான் பேசினார். சீமையில் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் என் தலைக்கு ஏறியதால் அதற்கடுத்த வருஷம் ‘பேசிவருகிறார்’ என்பது ‘பிரசங்கித்துவருகிறார்’ ஆயிற்று. ஜனங்கள் ‘வாரத்துக்கு வாரம் பெருகினார்கள்.’ ஐயர் அறிக்கையை வாசிக்கும் வழக்கமில்லை. கிரேக்கத்தில் இல்லாத எதையும் அவர் வாசிப்பதில்லை.

பிரெஞ்சு எல்லைக்குள் எது அச்சானாலும் சர்க்காருக்கு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அவற்றை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்த வருஷம் மில் தொழிலாளர் கூட்டங்களால் சர்க்கார் மிரண்டுபோயிருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் அது போலீஸ் விஷயம். எனவே யாரோ படித்திருக்கிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் பள்ளிக்கு வந்து என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அனுமதியின்றி வாராவாரம் பொது வீதியில் கூட்டம் கூட்டியது பற்றி விசாரிக்க, பிரிட்டிஷ் பிரஜையான மேற்படி குருவானவர் திங்கட்கிழமை போலீஸ் அதிகாரியான கொமிசேர் முன்னால் ஆஜராக வேண்டும் என்று பிரெஞ்சில் இருந்தது.

“இன்னா முசியே, மூஞ்சி வெளுத்துப்போச்சி?” என்றார் போலீஸ்காரர். “ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அந்தாண்ட ஊர் ஆளுன்னா கோரிமேட்டு எல்லையாண்ட கொண்டுபோய் அப்பால தள்ளிடுவாங்க, அவ்ளோதான். போன மாசம் ரெண்டு பேர அப்படித்தான் அனுப்பினோம்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது ஐயருக்கு எல்லாமே. அறுபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு எல்லையில் நிற்கிற அவரை நினைத்தேன். அவருக்குப் போய்ச் சேர ஒரு வீடு இல்லை. இன்னொரு படமும் கூடவே வந்தது. அதில் நான் கொமிசேரிடம் உண்மையைச் சொல்கிறேன். அறிக்கையில் ஒரு வரி பொய்யென்றால் மற்ற வரிகள் என்ன என்று சீமையில் கேட்கிறார்கள். நான் வேலை போய் முதலியார்பேட்டையில் மாமனார் வீட்டு வாசலில் நிற்கிறேன். இரண்டு படங்களில் எது என்னை அதிகம் நடுங்க வைத்தது என்பதை இத்தனை வருஷம் கழித்தும் எழுத வெட்கமாக இருக்கிறது. துரையிடம் சொல்லலாமென்றால் அவர் பெங்களூர் மகாநாட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

காகிதத்தையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஐயர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தம் பகுதியை இரண்டு முறை வாசித்தார்.

“இது யாருவே? நானா?”

“நீங்கதான், ஐயா.”

“நான் கத்திரிக்கா வாங்கத்தானவே போறேன்?”

“உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு...”

“நல்லா காப்பாத்தினீரு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“திங்கக்கிழமை போய், நான் அப்படியெல்லாம் பிரசங்கம் பண்ணலன்னு சொல்லிடுங்க, ஐயா. அதுதானே உண்மை” என்றேன்.

“என்னவே பேசுதீரு? அதிகாரி என்ன கேப்பான்? ‘தெருவில நின்னு ஆண்டவரப் பத்திப் பேசினீரா?’ம்பான். குருப்பட்டம் வாங்கினவன், ‘ஐயோ, நான் பேசவே இல்லீங்க’ன்னு சொல்லி உயிர் தப்பணுமா? அது ஆண்டவர மறுதலிக்கிறது இல்லையாவே?”

“அப்ப ஆமான்னு சொல்லப்போறீங்களா?”

“பொய் எப்படிச் சொல்ல?”

ஆமென்றால் பொய், இல்லையென்றால் மறுதலிப்பு. தர்க்கம் சொல்லிக்கொடுப்பவனாகிய நான் மூன்றாவது வழியைத் தேடினேன். எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“இடையில ஒரு சனிக்கிழமை இருக்குல்லா? போய்ப் பேசிட்டு வந்திருதேன். பெறவு ஆமான்னு சொல்லலாம்.”

செய்யாத குற்றத்துக்கு அழைப்பு வந்ததால் போய்க் குற்றத்தைச் செய்துவிட்டு வருகிறேன் என்கிறார்! அன்றும் மறுநாளும் கெஞ்சிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் அவர் பல்லில் மோதி டகடகவென்று சத்தம் போட்டதை நான் கேட்டேன். அவரும் பயந்திருந்தார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

“எழுதினது நீங்க, நிக்கப்போறது அவரா?” என்றாள் என் மனைவி. “கொமிசேர் ஆபீசு இன்னா காசியிலயா இருக்குது? போய் நான்தான்னு சொல்லிட்டு வந்துடுங்க.”

“வேலை போயிடும்டி.”

“போனா எங்கப்பா மில்லுல சேத்துவுடுவாரு.”

“மில்லுல நான் என்ன பண்றது?”

“இங்க மட்டும் இன்னா பண்றீங்க?”

சீமைச் சபையாரின் கேள்வியைவிட இது கூர்மையாக இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கொமிசேர் ஆபீசுக்குப் போகும் வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இரண்டு தடவை போனேன் என்பதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை ஐயர் வெள்ளை அங்கியோடு புறப்பட்டார். வேதப்புத்தகம் ஒரு கையில், காய்கறிப் பை மறு கையில். நான் பத்தடி பின்னால் போனேன். மார்க்கெட் வாசலில் கத்தரிக்காய்க்காரிக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெட்டி கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றார். எதிர்க் கடை நிழலில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார்.

“இன்னா அய்யிரே, பொட்டி மேல ஏறிக்கின? இன்னைக்கி சண்ட மேலேர்ந்தா?” என்றாள் கத்தரிக்காய்க்காரி.

அந்தக் குரலுக்குப் பத்துப் பதினைந்து பேர் திரும்பி வந்து நின்றார்கள். ஐயர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். அப்புறம் வந்தது, வகுப்புக் குரல். ஒரு வசனத்தை வாசித்தார். அதன் கிரேக்க மூலத்தைச் சொன்னார். அதிலுள்ள வினைச்சொல் இறந்தகாலத்தில் வருவது ஏன் என்று விளக்க ஆரம்பித்தார். கூடை தூக்கிய ஒருவன் கிளம்பினான். பிறகு இருவர். வினைச்சொல் முடியுமுன் கூட்டம் கலைந்துவிட்டது. கத்தரிக்காய்க்காரி கடையை விட்டுப் போகமுடியாததால் இருந்தாள். நான் இருந்தேன். கடமை காரணமாகப் போலீஸ்காரர் இருந்தார். ஐயர் கண்ணை மூடி ஜெபித்து, இறங்கி, கத்தரிக்காய் வாங்காமல் வீட்டுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை ஐயரோடு நானும் போனேன். கொமிசேர் வெள்ளைக்காரர், எங்களைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார்; ஊர்க் கத்தோலிக்கர், மீசையை முறுக்கியவர். மூலையில் ஒரு குமாஸ்தா. சாட்சிக்கு மார்க்கெட் போலீஸ்காரர்.

“தெருவுல பிரசங்கம் பண்றீங்களான்னு கேக்குறாரு” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“ஆமா” என்றார் ஐயர். கம்பீரமாகவே சொன்னார். இரண்டு நாளாக அந்த ஒரு சொல்லைத்தான் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

“எத்தினி நாளா?”

“முந்தாநாள்லேருந்து.”

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தாமே சந்தேகப்பட்டு மறுபடி கேட்டார். ஐயர் மறுபடியும் அதையே சொன்னார். போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். கடைசி வரைக்கும் நின்று கேட்டது தன்னையும் சேர்த்து மூன்று பேர் என்றார். கொமிசேர் அறிக்கையின் மேல் விரலால் தட்டினார். அச்சில் இரண்டு வருஷமாகத் திரளான ஜனம் என்றிருக்கிறது. ஒன்று, அந்தப் போலீஸ்காரர் அத்தனை நாளாகக் குருடாக இருந்திருக்க வேண்டும்; அல்லது இந்தக் குருவானவர் எதையோ மறைக்கிறார் என்றார். போலீஸ்காரரின் கழுத்தில் வேர்வை இறங்கியது. அவர் வேலையும் இப்போது என் வரியில் தொங்கியது.

“இத யாரு எழுதினதுன்னு கேக்குறாரு.”

ஐயர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். என் பக்கம் கண்ணைத் திருப்பக்கூட இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். கொமிசேர் தோளைக் குலுக்கிவிட்டுக் குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார். குமாஸ்தா புதுக் காகிதம் எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் ‘எல்லை’ என்ற சொல்லும் ‘இருபத்துநாலு மணி’ என்ற சொல்லும் காதில் விழுந்தன.

“நான்தான்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “நான்தான் எழுதினேன். எல்லாம் பொய். ஐயருக்கு எதுவும் தெரியாது. கத்தரிக்காய் வாங்கப் போனவர்.”

மொழிபெயர்ப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாவசங்கீர்த்தனம் கோயில்ல சாமியார்கிட்ட பண்றதுய்யா” என்று முணுமுணுத்துவிட்டு, மொழிபெயர்த்தார். கத்தரிக்காய்க்குப் பிரெஞ்சுச் சொல்லை மட்டும் சற்று நேரம் தேடினார். நான் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் புதுச்சேரியில் பிறந்தவன். என்னை எந்த எல்லைக்கு அப்பாலும் தள்ள முடியாது என்பதைக் கணக்குப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது.

கொமிசேர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் சுருக்கினார்: அந்தப் பகுதி பொய்யென்று அச்சில் ஒரு திருத்தம் போட வேண்டும். அறிக்கை போன எல்லா இடத்துக்கும், சீமைக்கும், அது போக வேண்டும். புதன்கிழமைக்குள் இரண்டு பிரதி இங்கே வர வேண்டும். வந்தால் குருவானவர் இருக்கலாம். வராவிட்டால் அந்தக் காகிதம் தயாராக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அச்சகத்தில் என் அவமானத்தை நாலு வரியாகக் கோத்துக்கொடுத்தேன். அன்று மாலை துரை திரும்பினார். திருத்தத்தை வாசித்தார். “சீமைக்கு நானும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்” என்றார். அது எனக்குச் சாதகமானதா பாதகமானதா என்று சொல்லவில்லை. கப்பல் போய்ப் பதில் வர வேண்டிய வாரங்கள் பாக்கி இருந்தன. அந்த வாரங்களின் பயம் தனி.

புதன்கிழமை இரண்டு பிரதிகளோடு போனேன். ஐயரும் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். குமாஸ்தா இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தலையை ஆட்டினார். மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

வெளியே வந்தேன். வெயிலில் ஐயர் குடை விரிக்காமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இருக்கலாமாவே?”

“இருக்கலாம், ஐயா.”

அவர் மதில் ஓரமாக இருந்த கல்லைத் தடவிப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“எழுந்திருங்க, ஐயா. போலாம்.”

“கால் வரமாட்டேங்குதுவே.”

கை கொடுக்கக் குனிந்தபோது எனக்கும் அதே கதிதான் என்று தெரிந்தது. நானும் உட்கார்ந்தேன். எங்கள் தலைக்கு மேலே, இங்கே உட்காரக் கூடாது என்று மதிலில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.