இஸ்திரிப் பலகையில் ஓடிய கார்கள்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை அவரிடம் படித்த எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் சொல்வோம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரியே வந்தாலும் பதறாத குரலில் "கிளட்ச்மா, கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அதனால் வந்த பெயர். நான் லைசன்ஸ் தேர்வில் தோற்றுத் தோற்றுத்தான் தேறினேன். ஒரு தடவைகூட அவர் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

அவருடைய ஓட்டுநர் பள்ளி டயர் கடையை ஒட்டிய ஒற்றை அறை. நடுவில் நீள மேசை. மேசைமேல் வெள்ளை டேப் ஒட்டிச் சாலையும் சந்திப்பும் வண்டி நிறுத்தும் கட்டங்களும் போட்டிருப்பார். புதிதாகச் சேருபவர்களை உடனே வண்டியில் ஏற்ற மாட்டார். முதலில் மேசைப் பாடம். சுண்டுவிரல் நீளமுள்ள உலோகக் கார்களைக் கையில் கொடுத்து, பின்னால் எடு, இடத்தில் நுழை, பக்கத்து வண்டியில் உரசாமல் வெளியே வா என்பார். பயப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மேசையில் இடித்தால் யாரும் திட்டப்போவதில்லை.

ஆரம்ப நாட்களில் தீப்பெட்டியும் அழிரப்பரும்தான் காராக இருந்தனவாம். தேர்வில் தேறிய ஒரு மாணவி நன்றியாக ஒரு மாடல் கார் வாங்கித் தந்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது, தள்ளினால் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங் நேராகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படிப் போகிறது என்று ஒருவர் கேட்கப்போய் அன்றைய வகுப்பே குழம்பிவிட்டது. நேராக ஓடும் கார் ஒன்று வேண்டும் என்று அக்கா கடைக்குப் போனார். அத்தோடு கார் வாங்கும் பித்துப் பிடித்துக்கொண்டது.

கம்பெனிப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. பெட்டியை வைத்துத்தான் சொல்வார். அட்டையில் ஒட்டிவைத்து விற்கப்படுவது 'அட்டைக்காரன்'. மெல்லிய ஆக்சில் கம்பி, பிளாஸ்டிக் சக்கரம், லேசாகத் தட்டினால் மேசையின் மறுமுனை வரை போகும். ஆனால் விளக்குக்குப் பெயின்ட்கூட அடித்திருக்க மாட்டான், முகமே இருக்காது. 'மஞ்சப்பெட்டி' கனமானது. அடித்தட்டும் உலோகம், கதவு திறக்கும், கதவைச் சுற்றி மட்டும் எறும்பு நுழையும் அளவுக்கு இடைவெளி. 'கண்ணாடிப்பெட்டி' இருப்பதிலேயே அழகு. ரப்பர் டயர், தனியாக ஒட்டிய பக்கக் கண்ணாடிகள், உருப்பெருக்கியில் பார்த்தாலும் பிசிறடிக்காத எழுத்து. ஒரே குறை, ஓடாது. அலமாரிக்கென்றே பிறந்தது.

எந்தக் காரை வாங்கினாலும் வீட்டில் அவர் ஒரு சோதனை வைப்பார். இஸ்திரிப் பலகையின் ஒரு காலைச் சற்று மடக்கிச் சரிவாக்கி, மேல்முனையில் காரை வைத்துக் கையை எடுப்பார். நேராக இறங்கினால் பள்ளிக்குப் போகும். கோணிக்கொண்டு போனால் வீட்டு அலமாரிக்கு. அலமாரி நிறைந்து, டிவி மேசை நிறைந்து, சமையலறை ஜன்னல் விளிம்பு வரைக்கும் கார்கள் வந்துவிட்டன.

அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவர். அங்கே எல்லோரும் அவரைப் புரூஃப் சார் என்பார்கள், நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். சொல்லுக்குச் சொல் யோசித்துப் பேசுகிறவர். வருகிறவர்களிடம், "ஊர்ல கார் வாங்கணும்னா கடன் வாங்குவாங்க. எங்க வீட்ல கார் வைக்க அலமாரி வாங்குறோம்" என்று முகம் மாறாமல் சொல்வார். அக்கா காதில் விழாததுபோல் பலகையைச் சரித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. ஆனால் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் காலை, அச்சகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது புரூஃப் சாருக்குப் பக்கவாதம் வந்தது. அதை முதலில் கவனித்தவர் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். சார் திருத்திய தாளை வாங்கிக்கொண்டு போனவர், அதில் சரியாக இருந்த சொற்களையெல்லாம் தப்பு என்று அடித்திருப்பதைப் பார்த்தார். இந்த மனிதர் இப்படிச் செய்ய மாட்டாரே என்று திரும்பி வந்து முகத்தைப் பார்த்தால், வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். நேரத்துக்கு வந்ததால் உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பேச்சும் அடிபட்டுவிட்டன.

நான் அந்த மருத்துவமனையில்தான் இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வார்டில் அக்காவைப் பார்த்ததும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீ இருக்கியா, அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே, சார் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வேலை முடிந்து போகிற வழியில் நான் போய்ப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன்.

ஆனால் புரூஃப் சார் பிடி கொடுக்கவில்லை. துணிக் கிளிப், களிமண் உருண்டை, பயறு பொறுக்குவது, எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுவார். காலாவது தேறிக்கொண்டு வந்தது, கையைத் தொடவே விட மாட்டார். எனக்குக் காரணம் புரிந்தது. சாவி என்று சொல்ல வாயெடுத்தால் கரண்டி என்று வரும். அது தப்பென்று அவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும், திருத்தத்தான் வராது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்லைத் திருத்தியவருக்கு அதைவிடப் பெரிய வதை என்ன இருக்கிறது? பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அக்காவும் வற்புறுத்தவில்லை. பள்ளியிலிருந்து வந்து, சோறு ஊட்டி, துணி மாற்றி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சத்தமில்லாத அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கே மனசு கனத்தது.

ஒரு மாலை நான் போனபோது அக்கா வெகுநாளைக்குப் பிறகு இஸ்திரிப் பலகையைச் சரித்துக்கொண்டிருந்தார். மேசைப் பாடத்துக்கென்று வாங்கிய புதிய கார் ஒன்று. பலகையின் கீழ்முனை சார் உட்கார்ந்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா கையை எடுத்தார். கார் முக்கால் தூரம் நேராக வந்து, சட்டென்று ஒதுங்கி, பலகையைவிட்டு விழுந்து சாரின் மடியில் போய்க் கிடந்தது. அவர் இடது கையால் அதை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, தெளிவாக, "பிழை" என்றார்.

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். முன்விளக்கு இரண்டில் ஒன்றை ஒரு மயிரிழை உயர்த்தி அச்சடித்திருந்தார்கள். சொன்ன பிறகும் எனக்கு அது தெரிய நேரமாயிற்று. அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து அதே கார், வேறு கம்பெனி செய்தது, கொண்டுவந்து அவருடைய வலது கைப்பக்கம் வைத்துவிட்டு, "அப்ப இது எப்படி இருக்கு?" என்று கேட்டார். சாரின் இடது கையில் முதல் கார் இருந்தது, அதைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை. வலது கை போர்வைமேல் மெதுவாக அசைந்து, தடுமாறி, விரல்களுக்கு நடுவே அந்தக் காரை இழுத்துக்கொண்டது. அக்கா உள்ளே தேநீர் போடப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கொண்டுபோன கிளிப்பையும் பயறையும் பையைவிட்டு எடுக்கவே இல்லை. கட்டைவிரலால் சக்கரத்தைச் சுழற்றி எது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும், அது ஒரு பயிற்சி. மஞ்சப்பெட்டியின் கதவை நகத்தால் திறந்து மூட வேண்டும், அது இன்னொன்று. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடத்திட்டம் அது. அதை வகுத்துக்கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான், பெயர் மட்டும் எனக்கு வந்தது.

பேச்சு சண்டையில்தான் திரும்பிவந்தது. அக்காவுக்கு ஓட்டம் முக்கியம், சாருக்கு அச்சு முக்கியம். கண்ணாடிப்பெட்டிதான் கார், மற்றதெல்லாம் தகரம் என்பது சாரின் கட்சி. ஓடாத காரை என்ன செய்வது, பொட்டு வைத்துக் கும்பிடுவதா என்பது அக்காவின் கட்சி. சொல் கிடைக்காமல் சார் திணறும்போது அக்கா எடுத்துக் கொடுக்க மாட்டார், காத்திருப்பார். 'விளிம்பு' என்ற சொல் ஒருநாள் அப்படி வந்தது, 'பளபளப்பு' இன்னொரு நாள். ஒரு தடவை நான் போனபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால் ஒரு பம்பரின் நிறத்தைப் பற்றிய தகராறு. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நடுவில் ஒரு சறுக்கலும் வந்தது. இருப்பதிலேயே அருமையான கண்ணாடிப்பெட்டிக் கார் ஒன்றை வலது கையால் தூக்கியபோது நழுவித் தரையில் விழுந்தது. கடுகளவு பக்கக் கண்ணாடி தெறித்து எங்கேயோ போய்விட்டது. அக்காவும் நானும் முழங்காலிட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. சார் மறுபடி வாயை மூடிக்கொண்டார், கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கார்களைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கண்ணை மூடிக்கொள்வார்.

அக்கா அந்தக் காரைப் பள்ளிக்கு எடுத்துப்போய் மேசைச் சாலையில் நிறுத்திவிட்டார். சில நாட்கள் கழித்து, நான் இருக்கும்போதே சாரிடம் சொன்னார்.

"என் ஸ்கூல் வண்டியில இருக்கிற கண்ணாடி எத்தனை தடவை உடைஞ்சு டேப் ஒட்டினதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அதுலதான் ஊரே ஓட்டக் கத்துக்குது. உடைஞ்சா என்னங்க இப்ப? நாளைக்கு வேற ஒண்ணு எடுத்துப் பாருங்க."

மறுநாள் சார் அலமாரிப் பக்கம் கை காட்டினார். நான் மஞ்சப்பெட்டியை எடுத்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிப்பெட்டியைக் காட்டினார்.

கோடை போய் மழையும் ஓய்ந்த சமயத்தில் அவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். மறுபடி அச்சகத்துக்குப் போகலாம், அரைநாள் மட்டும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். போவதற்கு முன்னால் இயந்திரம் ஓட்டுபவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். கார்தான் கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, எந்தக் கார் என்பதில்தான் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அச்சு சுத்தமாக இருப்பது ஓடவில்லை. ஓடுவதற்கு முகமில்லை. அலமாரியைக் காலி செய்து ஒவ்வொன்றாகப் பலகையில் விட்டுப் பார்த்தார்கள். நேராக இறங்கி, விளக்கும் எழுத்தும் விளிம்பும் பிசகாமல் இருந்தது வீட்டிலேயே ஒன்றுதான். கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய மாடல் கார், மஞ்சப்பெட்டிக்காரன் எப்போதோ நல்ல மனநிலையில் செய்தது. நேராக ஓடும் மற்ற கார்களெல்லாம் பள்ளி மேசையிலேயே இருக்கும். இதை மட்டும் அக்கா தினம் பள்ளிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார், புதிதாகச் சேருகிறவர் கையில் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா காரை முந்தானையால் துடைத்து, அதன் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே வைத்து மூடி அவர் கையில் கொடுத்தார்.

சார் வேலைக்குத் திரும்பிய அன்று காலை அவர்களை என் காரில் நான்தான் அழைத்துப்போனேன். வழியெல்லாம் சார் ஒரே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அச்சகத்துக்குள் மை வாசனையும் தாள் தூசும். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயந்திரக்காரர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். சார் பெட்டியை வலது கையால் நீட்டினார். பெட்டி விழவில்லை.

"நீங்க பாத்தீங்க," என்றார். நிறுத்தினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "நீங்க பாத்ததால நான் இருக்கேன்."

இயந்திரக்காரர் பெட்டியைத் திறந்து காரை எடுத்து, தாள் அடுக்கும் மேசையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அது அந்த முனை வரை நேராகப் போய் நின்றது. "இந்தச் சின்னதுக்குள்ள இவ்வளவு சுத்தமா எழுத்து அடிச்சிருக்கானே, யாரு சார் இவன்?" என்று கேட்டார். எந்தக் கம்பெனி அச்சு எப்படி இருக்கும் என்று சார் சொல்ல ஆரம்பித்தார். திக்கித் திக்கித்தான். ஆனால் நிறுத்தவில்லை. அவர் முடிக்கும் வரை யாரும் இயந்திரத்தைப் போடவில்லை.

அக்கா வாசலில் நின்றபடியே அதைக் கேட்டார். வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்து, நன்றி என்று சொல்ல வந்தார் போல. அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் வேலைக்குப் போக முடியாது. அக்கா, நாளைக்கு வகுப்புக்கு எந்தக் காரைக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன்.

"மதியம் அவரைக் கூட்டிட்டுப் போகும்போது கடைக்குப் போகணும்மா," என்றார். "கண்ணாடிப்பெட்டிதான் வாங்கணும்னு நிப்பாரு. விடமாட்டேன்."