இடாப்பில் நாற்பத்திரண்டு பேர்

எங்கள் படைத்தலைவர் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில், நோயில் கிடந்து இறந்துபோனார். படைத்தலைவர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊரில் அவர் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். சண்டை நெருங்கிய காலத்தில் யாழ்ப்பாண நகரத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள், வீட்டுக்கு ஒருவர் என்று கடைக்காரரையும் வாத்திமாரையும் கட்டாயமாகச் சேர்த்து ஒரு காவல்படை அமைத்தார்கள். அதில் எங்கள் அணி நாற்பத்திரண்டு பேர். துவக்கு எட்டுத்தான் வந்தது. மற்றவர்களுக்குத் தடி.

பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி நடக்கும். புடைவைக்கடை முதலாளி ஒருவர் கடைசிவரை இடது வலது தெரியாமலே நடந்தார். பதுங்குகுழி வெட்டினோம், காயப்பட்டவர்களைத் தூக்கினோம், தண்ணீர்த் தாங்கிக்குக் காவல் இருந்தோம். என் கையெழுத்து அழகு என்று இடாப்பை என்னிடம் தந்திருந்தார்கள். தினமும் பெயர் கூப்பிட்டு வரவு போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு காலை எங்களை முன்னரங்குக்கு ஏற்றிப்போக லொறி வருகிறது என்று மேலிடத்துக் கட்டளை வந்தது. தலைவர் எங்களை வரிசையில் நிற்கவைத்தார்.

“லொறி வர இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. எல்லாரும் வீட்டை போங்கோ. பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ. கேட்டா நான் பதில் சொல்லுறன்.”

என் கையிலிருந்த இடாப்பை வாங்கித் தேத்தண்ணி அடுப்புக்குள் செருகினார். நாங்கள் நாற்பத்தொரு பேரும் போனோம். அவர் மட்டும் லொறிக்காகக் காத்து நின்றார். லொறியில் வந்தவர்கள் அவரைப் பிடித்துப் பல மாதம் அடைத்து வைத்தார்கள்.

வழியில் மேலிடத்து ஆட்கள் எங்களை மறித்து, ஏன் முன்னரங்குக்குப் போகவில்லை என்று கேட்டார்கள். “தலைவர் எங்களை விட்டிட்டு ஓடிட்டார்” என்று யாரோ ஒருவர் சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன். அந்தக் கதை கப்பலேறாமலே கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கல்யாண வீடுகளில் அவர் இருக்கும் மேசைக்கு ஒருவரும் போகமாட்டார்கள். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் அணிக்காரர் ஆறு பேர் இருந்தோம். அகதி விண்ணப்பத்தை ஒருவர் நிரப்ப, மற்றவர்கள் பரீட்சையில் போல அதைப் பார்த்து எழுதினோம். படை, துணைப்படை, ஊர்க்காவல் எதிலாவது இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. முதலாமவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். ஆகவே எல்லோருக்கும் ‘இல்லை’. கட்டாயத்தில் தடி பிடித்தேன் என்ற உண்மையை எழுதியிருந்தாலே தப்பியிருப்போம் என்று பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் என் மனைவியையும் அதே விண்ணப்பக் கோவையில் இங்கே கூப்பிட்டுவிட்டேன்.

பிறகு வந்து சேர்ந்த தலைவர் மட்டும் ‘ஓம்’ என்று எழுதினார். அணியில் வேறு யார் யார் என்று அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஞாபகமில்லை என்றாராம். அவருடைய அலுவல் வருடக்கணக்கில் இழுபட்டது. இரண்டு வயதில் விட்டுவந்த மகள் பதினொரு வயதில்தான் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். தகப்பனைக் கண்டதும் அவள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அந்த மகள் செத்தவீடு முடிந்த கிழமை வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“அங்கிள், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தரவேணும். அந்தப் படையின்ரை கதை. ஆக்கள் அப்பாவைப் பற்றி என்னவெல்லாமோ கதைக்கினம். அந்த லாஸ்ட் டே என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியவேணும். இடாப்பு உங்களிட்டைத்தான் இருந்ததெண்டு அப்பா சொன்னவர்.”

எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதவும் செய்தேன், இரண்டு நாள் இருந்து, ஒன்றும் விடாமல். மனைவி வாசித்தாள். போய் எங்கள் இருவருடைய பாஸ்போட்டையும் கொண்டுவந்து அந்தத் தாளின்மேல் வைத்தாள். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையை எத்தனை வருடம் போனாலும் பறிக்கலாம் என்று தமிழ் வானொலியில் ஒரு சட்டத்தரணி சொன்னதை இருவரும் சேர்ந்துதான் கேட்டிருந்தோம். எழுதினால் நான் போவேன், எழுதாவிட்டால் அவர் பெயர் போகும். பெயரில்லாமல் போட்டால் ஒருவரும் நம்பப் போவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அந்தச் சுவரை என் அழகான கையெழுத்தால் நானே கட்டியிருந்தேன்.

கடைசியில் அவர் பல்கனியில் மிளகாய்க் கன்று வளர்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, நன்றி என்று மட்டும் சொன்னாள். மலரில் அப்படியே வந்தது.

முப்பத்தோராம் நாள் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. எங்கள் மேசையில் ஒருவர் மலரைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தார்.

“படையிலை இருந்த காலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்ப அந்தாள் ஓடினது உண்மைதான் போலை.”

பாயாசம் கொண்டுவந்த மகள் என் கதிரைக்குப் பின்னால் நின்றதை அவர் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். மேசையே என்னைப் பார்த்தது.

“அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ. அப்பா ஓடினவரோ?”

சொல்ல ஒரு வார்த்தை போதும். மனைவி மேசைக்கடியில் என் கையைப் பிடித்தாள்.

“எனக்கெப்பிடித் தெரியும், பிள்ளை? நான் அந்தப் படையிலை இருக்கேல்லையே.”

அவள் அழவில்லை. பாயாசத்தை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கக் குனிந்து சொன்னாள்.

“நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அப்பா சொன்னவர், அங்கிள். உங்களோடை கோவிக்க வேண்டாம் எண்டும் சொன்னவர்.”