யாரும் இழுக்காத கயிறு

தாய்லாந்தில், எங்கள் சிராச்சா ஊர்க் கம்பெனியில் ரைஸ் குக்கர் செய்கிறோம். நான் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன், பெயர் பிரயூன். நான் படித்த படிப்பை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், அப்புறமும் இடம் மிச்சமிருக்கும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும். எனக்கு அது ரெண்டு இருக்கிறது.

கதை லம்துவன் அக்காவைப் பற்றியது. வடகிழக்கில் ரோய் எட் என்கிற ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் சேர்ந்தவள், மூடி பொருத்துகிற வரிசைக்கே தலைவியாகிவிட்டாள். அவள் குரல் கொடுத்தால் பக்கத்துக் கம்பெனியிலும் வேலை வேகமாக நடக்கும். ஆனால் வரிசையில் எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாலும் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுகிறவளும் அவள்தான். அந்தப் பெண்கள் அவளுக்காக உயிரைக் கொடுப்பார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனியில் பெரிய நாற்காலிகளில் எல்லாம் ஜப்பான்காரர்கள்தான். ஒருவர் வருவார், நாலைந்து வருஷம் இருப்பார், எங்கள் பப்பாளிக்காய்ப் பச்சடியின் காரம் பழகுகிற நேரத்தில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கழிவறைக் கதவுக்கு என்ன நிறம் என்பதற்குக்கூட ஜப்பானில் ஒசாக்கா தலைமை ஆபீசுக்குக் கேள்வி போகும். பதில் வருவதற்குள் கதவைக் கரையான் தின்றுவிடும். அப்படிப்பட்ட கம்பெனியில், பிரிவுத் தலைவர் நாற்காலியில் முதல் தடவையாக உள்ளூர் ஆள் ஒருவரை உட்காரவைக்கலாம் என்று பேச்சு வந்தது. லம்துவன் அக்காவை.

அதைக் கிளப்பியது எங்கள் கம்பெனித் தலைவர் குராமோச்சி சான். 'சான்' என்றால் அவர்கள் பாஷையில் நம் 'ஐயா' மாதிரி. ஒல்லி மனிதர். காற்றடித்தால் பிடித்துக்கொள்ளக் கம்பம் தேடுவார். ஒசாக்காவில் இருக்கிற ஒவ்வொரு பெரியவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசி, ஒருத்தர் விடாமல் தலையாட்ட வைத்திருந்தார். கூட்டம் போடுவதற்கு முன்பே எல்லோரையும் சரிக்கட்டிவிடுவதுதான் அவர்கள் வழக்கம். கூட்டம் சும்மா டீ குடிக்க. ஒரே ஒருவர் மட்டும் பாக்கி, தொகாஷி சான். அவர், "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாராம்.

பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? கயிறு.

வரிசைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். எதாவது கோணல் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். வரிசை நின்றுவிடும், ஒலிபெருக்கியில் பாட்டு வரும். பாட்டு ஒசாக்காவில் தேர்ந்தெடுத்தது. அசல் குச்சி ஐஸ் வண்டிப் பாட்டு மாதிரியே இருக்கும். ஜப்பானில் இழுத்தவரிடம் தலைவரே ஓடிவந்து நன்றி சொல்வாராம். எங்கள் ஊரில் அந்தப் பாட்டு வந்தால், 'லம்துவன் அக்கா வரிசையில் தப்பு' என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. அக்காவுக்கு அந்தத் தலைகுனிவை எந்தப் பெண் கொடுப்பாள்? கோணல் மூடியைச் சத்தமில்லாமல் கடைசி மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒருத்தி சரிபண்ணிவிடுவாள். கயிற்றில் சிலந்தி கூடு கட்டிக் குடும்பம் நடத்தியது.

குராமோச்சி சான் எங்கள் பாஷையில் அரைகுறையாகத் தினமும் கெஞ்சுவார். "கயிறு இழு. வெட்கம் வேணாம். இழுத்தா நான் சந்தோஷம்."

"சரிங்க சான்" என்பார்கள் எல்லோரும் ஒரே குரலில். அத்தோடு சரி.

நான் அக்காவைச் சீண்டுவேன். "அக்கா, நீங்களாவது ஒரு தடவ இழுங்களேன். பாட்டு கேட்டு ரொம்ப நாளாச்சு."

"ஒன் வாய இழுத்து வச்சுத் தைக்கறேன் பாரு. என் வரிசையில அந்தப் பாட்டு வராதுடா. அதான் என் பெருமை."

தொகாஷி சான் வந்த அன்று, தரையில் முகம் பார்த்துத் தலைவாரலாம் போலப் பளபளவென்று இருந்தது. அக்கா புதுச் சட்டையில் விறைப்பாக நின்றாள். குராமோச்சி சான் மூச்சு விடுவதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். தொகாஷி சான் குட்டையானவர், தடிமனான கண்ணாடி. பேச்சே இல்லை. வரிசை ஓரமாக மெல்ல நடந்துவந்தார், பின்னாலேயே மொழிபெயர்க்கிற பெண். நான் மூடிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, போக மனசில்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாலி என்கிற பெண்ணின் மேஜைக்கு ஒரு குக்கர் வந்தது. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கொக்கி விழவில்லை. மாலி பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்காவும் மூடியைப் பார்த்துவிட்டாள். கயிறு அக்காவின் தலைக்கு மேலேதான், கையை உயர்த்தினால் போதும். கை உயரவில்லை. மாலி மூடியை ஒரு அமுக்கு அமுக்கி அப்படியே அனுப்பினாள்.

பாழாய்ப்போன அந்தக் குக்கரைத்தான் தொகாஷி சான் குனிந்து பார்த்தார். பொத்தானைத் தொட்டார். மூடி தவளை மாதிரி எகிறி அவர் மூக்கில் அடித்தது. கண்ணாடி தெறித்து ஓடுகிற பெல்ட்டில் விழுந்து, குக்கர்களோடு குக்கராகப் புறப்பட்டுவிட்டது.

சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு தொண்டையிலேயே செத்துப்போனது. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. மாலி கண்ணாடி போவதைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். அடுத்தவள் பார்த்தாள், லேசாக நகர்த்திவிட்டாள். அதற்கடுத்தவள் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பெல்ட்டிலேயே வைத்தாள். இவ்வளவுக்கும் வரிசை நிற்கவே இல்லை. தொகாஷி சான் கண் தெரியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசி மேஜையில் இருந்தவள் கண்ணாடியை அழகாக பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓடிவந்து, ரெண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் உறையைப் பிரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேலே தொங்கிய கயிற்றைப் பார்த்தார். சிலந்தியையும் பார்த்திருப்பார். மெதுவாக ஏதோ கேட்டார்.

மொழிபெயர்க்கிற பெண் எங்களைப் பார்த்தாள். "ஏன் யாருமே நிறுத்தலன்னு கேக்கறாரு."

 லம்துவன் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

குராமோச்சி சான் முன்னால் வந்தார். தொகாஷி சானுக்கு இடுப்பு மடியக் குனிந்தார். அது அவர்கள் வழக்கம், எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் நிமிர்ந்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்களுக்கு முன்னால், எனக்கு முன்னால், அதே மாதிரி குனிந்தார். உச்சந்தலையில் மயிர் உதிர்ந்த இடம் வட்டமாகத் தெரிந்தது.

"தப்பு என்னோடது," என்றார் எங்கள் பாஷையில். "கயிறு கட்டினேன். இழுக்கத் தைரியம் குடுக்கல. மன்னிக்கணும்."

திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்போம். சட்டியைத் தூக்கி அடித்திருந்தாலும் ஒதுங்கியிருப்போம். எங்கள் ஊரில் பெரியவர் தலை நமக்கு முன்னால் தாழ்ந்தால் நம் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லுவாள். அன்றைக்கு எனக்கு ஒரு இருநூறு வருஷமாவது குறைந்திருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். மாலி விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அவரோ நிமிரவே இல்லை.

அப்போதுதான் லம்துவன் அக்கா கயிற்றை இழுத்தாள். சிலந்திக் கூடு பிய்ந்து அவள் தலையில் விழுந்தது. பெல்ட் நின்றது. குச்சி ஐஸ் பாட்டு கம்பெனி முழுக்க ஒலித்தது. மற்ற வரிசைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் பாத்தேன்," என்றாள் அக்கா. வழக்கமான குரல் இல்லை, பூனைக்குட்டிக் குரல். "மூடி கோணலா இருந்தத நான் பாத்தேன். என் மானம் போயிடும்னு மாலி இழுக்கல. நாற்காலி போயிடும்னு நான் இழுக்கல. சான், நிமிருங்க. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், நிமிருங்க."

மொழிபெயர்க்கிற பெண் அழுதுகொண்டே சொன்னாள். தொகாஷி சான் பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்று கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். அவ்வளவுதான்.

ஒசாக்காவிலிருந்து பதில் வந்தது: இன்னும் காலம் வரவில்லை. அந்த நாற்காலிக்கு ஜப்பானிலிருந்து புது ஆள் வந்தார். குராமோச்சி சானைத் தவணை முடிவதற்கு முன்பே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

வழியனுப்புகிற அன்று கேன்டீனில் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் நின்றாள். அவள் உடம்புக்கு அந்தத் தூண் பத்தாது. ரெண்டு பக்கமும் தெரிந்தாள். குராமோச்சி சானே தேடிப் போனார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"ஒங்க பேரக் கெடுத்துட்டேன் சான்."

"கயிறு?" என்று கேட்டார் அவர்.

"இழுக்கறேன்."

சொன்னபடி இழுக்கிறாள். பெண்களும் இழுக்கிறார்கள். இப்போது அந்தப் பாட்டு வருகிற வரத்துக்கு, வாசலில் இருக்கிற நாய்க்கே தாளம் மனப்பாடம். "அக்கா, குச்சி ஐஸ் வண்டி வந்துடுச்சு!" என்று நான் கத்துவேன். "போடா எருமை" என்பாள். ஆனால் பாட்டு ஓய்கிறவரை அவள் கழுத்து சிவந்தே இருக்கும்.

அந்த நாற்காலி கண்ணாடி அறையில் இருக்கிறது. சாப்பிடப் போக அதன் வாசல்தான் குறுக்கு வழி. அக்கா மட்டும் என் வண்டி நிற்கிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். அதைப் பற்றி மட்டும் நான் கிண்டல் பண்ணுவதில்லை.