முன்பு எட்டு, இனி இரண்டு

எங்கள் கம்பெனியில் ஆசிட் வால்வில் நிற்கிற ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வணக்கம்கூடக் கிடையாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் வெப்பநிலையை உரக்கச் சொல்வார். வால்வில் நிற்பவர் அதையே திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான் பேச்சு. அந்த இடத்தில் பல வருஷம் நின்றவர் என் வீட்டுக்காரர். நான் அதே வளாகத்தில் ஆராய்ச்சி லேபில் இருந்தேன். கட்டிய பொண்டாட்டிக்கும் ஆசிட் இறங்கி முடிகிற ஆறு மணி நேரமும் அவரிடம் பேச அனுமதி இல்லை.

மதுரைக்குத் தெற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது கம்பெனி. நாங்கள் மாத்திரை செய்வதில்லை. மாத்திரை ஆவதற்கு மூன்று நான்கு படி முன்னால் வரும் ஒரு மஞ்சள் தூளைச் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். அதற்கு இரண்டு ஆள் உயரத்தில் ஒரு ரியாக்டர் இருந்தது. உள்ளே கரைசல், அதைச் சுற்றிக் குளிர்ந்த உப்புநீர். மேலேயிருந்து ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஆசிட் விழ விழச் சூடு கிளம்பும். உப்புநீர் அதை வாங்கிக்கொண்டு போகும். அவசரப்பட்டால் சூடு ஜெயித்துவிடும், கட்டடமே மிஞ்சாது. அதைச் சுற்றித்தான் எட்டுப் பேர் நிற்பார்கள்.

போன்களை எல்லாம் வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆசிட் முழுக்க இறங்கியதும் அவர் முதலில் செய்வது பெட்டியைத் திறந்து என்னைக் கூப்பிடுவதுதான்.

“முடிஞ்சுருச்சு புள்ள. டீக்கு வா.”

அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். “பட்டினி கிடந்தா ரியாக்டர் குளுந்துருமா?” என்று நான் தினமும் திட்டுவேன். சிரித்துக்கொண்டே இரண்டு டீ சொல்வார். பிறகு ஒரே பைக்கில் அவனியாபுரத்துக்குத் திரும்புவோம். அந்த நேரத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ்வாக இறங்கும். சத்தத்தில் அவர் பேசுவது எனக்குக் கேட்காது, ஆனாலும் பேசிக்கொண்டே வருவார். அந்தக் கேட்காத பேச்சுக்குத்தான் இன்று ஏங்கிக் கிடக்கிறேன்.

ஒரு சித்திரை மாதம் அது நடந்தது. உப்புநீர் இயந்திரத்தை அப்போதுதான் பழுது பார்த்திருந்தார்கள். அன்று ரியாக்டர் இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே குளிர்ந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். சித்திரை வெயிலில் வேகிற மதுரைக்காரனுக்குக் குளிர் என்றால் நல்லது என்றுதானே தோன்றும்? “இன்னைக்கு ஜம்முன்னு இருக்கு மாப்ள” என்று சொல்லி ஆசிட்டை விட்டுக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் அதே நினைப்புத்தான். ஆனால் அந்தக் குளிரில் வேதிவினை நடக்கவே இல்லை. விழுந்த ஆசிட் எல்லாம் உள்ளே சும்மா சேர்ந்துகொண்டிருந்தது. பிறகு சேர்ந்த மொத்தமும் ஒரே மூச்சில் வினையாகிச் சூடு கிளம்பியது.

சைரன் கேட்டு நாங்கள் வேப்பமரத்தடிக்கு ஓடினோம். ஆபத்து என்றால் எல்லோரும் வந்து சேர வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்து ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. எண்ணினேன், ஏழு. மறுபடி எண்ணினேன், ஏழுதான். அதில் அவர் இல்லை. ரொம்ப நேரம் கழித்து எட்டாவதாக அவர் நடந்து வந்தார். வால்வை மூடிவிட்டு, மற்றவர்களை அனுப்பிவிட்டு, சூடு இறங்கும்வரை வெப்பமானி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ஏழு பேர அனுப்பத் தெரிஞ்ச ஆளுக்குக் கூடவே எட்டாவதா வரத் தெரியலையா மாமா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“யாராச்சும் நிக்கணும்ல” என்றார்.

யாருமே நிற்க வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன். ஒன்றரை வருஷம் அந்த வேலையாகவே கிடந்தேன். பெரிய ரியாக்டருக்குப் பதில் விரல் தடிமனில் ஒரு குழாய். ஒரு பக்கம் கரைசல், ஒரு பக்கம் ஆசிட், இரண்டும் குழாய்க்குள் சந்தித்து ஓடிக்கொண்டே வினையாகி மறுமுனையில் வெளியே வந்துவிடும். எந்த நேரத்திலும் உள்ளே வினையில் இருப்பது ஒரு செம்பு அளவுதான். கெட்டாலும் அந்த ஒரு செம்புதான் கெடும். முதல் தடவை ஓடியபோது அவர் புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தார். “இம்புட்டுக் குழாய்க்கா எட்டுப் பேரு நின்னோம்?” என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மேலிடத்துக்குக் காட்டத் தயாரித்த அறிக்கையில், பெருமையாக ஒரு வரி போட்டேன்: ‘அருகில் நிற்க வேண்டியவர்கள்: முன்பு எட்டு, இனி இரண்டு.’ ஆறு பேர் உயிர் பிழைத்தார்கள் என்று நான் எழுதினேன். ஆறு பேர் மிச்சம் என்று அவர்கள் படித்தார்கள். ஐந்து பேருக்கு வேறு பிரிவில் இடம் கிடைத்தது. பெரிய ரியாக்டரில் கைதேர்ந்தவர் என்று என் வீட்டுக்காரரை மட்டும் கம்பெனியின் குஜராத் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஓடுவது அதே பழைய முறை, ரியாக்டர் மட்டும் இதைவிடப் பெரியது, சுற்றிப் பத்துப் பேர் நிற்க வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அதனால் நான் கூடப் போக முடியவில்லை. “போயிட்டு வாரேன் புள்ள” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இங்கே என் குழாய் ஒழுங்காக ஓடுகிறது. பார்த்துக்கொள்ளும் இருவரும் பக்கத்து அறையில் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது. நாலு மணி ஆனால் என் கை போனுக்குப் போய்விடும். சில நாள் நாலுக்குக் கூப்பிடுவார், சில நாள் ஐந்தாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்த வேலையும் ஓடாது. இப்போது நானும் அதுவரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. திட்டுவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

போன மாதம் குஜராத் கிளையும் குழாய் முறையைக் கேட்டது. அறிக்கையை நானே எழுத வேண்டும். அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போகலாம். போடாவிட்டால், ஆள் மிச்சமில்லாத குழாய்க்கு மேலிடம் பணம் தராது, அவர் அந்த ரியாக்டர் முன்னாலேயே நிற்பார். அவரிடமே கேட்டேன்.

“எழுது. வேல போனா அவனியாபுரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன்” என்றார்.

நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். நாலேகாலுக்கு அவர் கூப்பிட்டார்.

“முடிஞ்சுருச்சு புள்ள.”

“அனுப்பிட்டேன் மாமா.”

“எத்தன பேருன்னு போட்ட?” என்று கேட்டார்.

“பத்துல எட்டுப் பேரு வெளிய வந்துரலாம்னு. இந்தத் தடவ ஒங்களையும் சேத்துத்தான்” என்றேன்.