சாட்சித் துண்டு

சீவலக்கா என்ற பெயரை வைத்தது அவள் கணவர்தான். தடயவியல் ஆய்வகத்தில் மெழுகில் பதித்த மூளைத் துண்டைத் தலைமுடியைவிட மெல்லிதாகச் சீவுகிறவள், வீட்டில் கேரட் நறுக்கினால் கட்டை கட்டையாக விழும். "கைவேலை எல்லாம் ஆபீசுக்கு மட்டும்தான் போல" என்று கிண்டலடிப்பார். பெயர் எப்படியோ ஆய்வகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

தீயில் இறந்தவர்களுக்கு உடம்பு கருகினாலும், மண்டையோட்டுக்குள் மூளை பல நேரம் தப்பிவிடும். உயிரோடு புகையை இழுத்தவரின் மூளை பதறிப்போய் ஒருவகைப் புரதத்தைச் சுரந்து தள்ளும். சாயம் போட்டால் அது பழுப்பாகத் தெரியும். இதயம் முன்பே நின்றிருந்தால் பழுப்பு வராது.

அந்த வாரம் வந்தது மறதி நோயில் இருந்த ஒரு பெரியவருடைய மூளை. வெளியே போய்த் தொலைந்துவிடுவாரே என்று, மகள் கதவை வெளியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மின்கசிவில் வீடு எரிந்துவிட்டது. விபத்து என்று போலீசார் முடித்துவிட்டார்கள், மகளுக்குத்தான் முடியவில்லை. அப்பா அந்தக் கதவைத் தட்டித் தட்டியே செத்தாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் தினமும் ஆய்வக வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று கூட வந்த சித்தி புலம்பினாள்.

சாயம் போட்ட கண்ணாடித் தகட்டில் பழுப்பே இல்லை. அறிக்கை எழுத வேண்டிய டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "பாவம் அந்தப் பொண்ணு. சொல்லிடலாமா?"

சீவலக்காவுக்கும் சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் நிச்சயமாகப் புகையை இழுத்து இறந்த ஒருவரின் மூளைத் துண்டுக்கும் கூடவே சாயம் போடுவது அங்கே வழக்கம். அதற்குப் பெயர் சாட்சித் துண்டு. அது பழுப்பாக வந்தே தீர வேண்டும். அன்று அதுவும் வெளுத்துக் கிடந்தது.

"மேடம், சாட்சியே வாயைத் திறக்கல. சாய மருந்து கெட்டுப்போயிருக்கு."

"நல்லவேளை பார்த்தீங்க. புதுசு வரவழைச்சுப் போடுங்க."

வராந்தாவில் மகள் எழுந்து நின்றாள். "ஏதாவது தெரிஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்லம்மா."

சீவலக்கா புது மருந்துக்கு எழுதிப் போட உள்ளே போனாள். புது மருந்தில் பழுப்பு வந்து தொலைத்தால் என்ன செய்வது? அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது மருந்து வந்தது. சாட்சித் துண்டு காப்பிப்பொடி நிறத்தில் பளிச்சென்று எழுந்தது. பெரியவருடையதில் அப்போதும் பழுப்பு இல்லை. இன்னும் சில இடங்களில் சீவிப் பார்த்தாள், எங்கும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் கண்டபடி மூச்சுக்குழாயில் கரி படியாததையும் இதயத்தில் இருந்த அடைப்பையும் சேர்த்துப் பார்த்த பிறகே டாக்டரம்மா மகளையும் சித்தியையும் உள்ளே கூப்பிட்டார்.

"தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே அப்பாவுக்கு ஹார்ட் நின்னுடுச்சும்மா."

மகள் சீவலக்காவைப் பார்த்தாள். "அப்ப... கதவைத் தட்டலையாக்கா?"

"தட்டலம்மா. தீ வந்ததே அவருக்குத் தெரியாது."

அவள் ஓவென்று அழுதாள். சீவலக்காவும் அழுதாள், ஒளிக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சித்தி, பசிக்குது."